கதிரியக்க உலோகத்துக்குக் கீலேட்டர் வடிவமைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்குத் தரப்படும் லுட்டாத்தெரா மருந்தின் ஒரு வேளை அளவு 7.4 கிகாபெக்கரல். அத்தனை கதிரியக்கத்தையும் தரும் லுட்டீசியம்-177 அணுக்களை மட்டும் தனியே எடை போட்டால் 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. உப்புக்கல்லில் ஒரு துகள் அளவுகூட இல்லாத அந்த உலோகத்தைக் கையில் பிடித்து, இரத்தத்தைக் கடந்து, புற்றணுவின் வாசல்வரை கொண்டுபோய், அங்கே நாள்கணக்கில் விடாமல் வைத்திருக்க ஒரு மூலக்கூறு வேண்டும். அதுதான் கீலேட்டர். பாடநூல் இதைக் கொடுக்கிணைப்பு ஈனி என்கிறது. நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதைப்போல ஒரே மூலக்கூறு பல முனைகளால் ஓர் உலோக அயனியைக் கவ்விக்கொள்வதால் அந்தப் பெயர். பிடி நழுவினால் லுட்டீசியம் எலும்புக்குப் போய்ச் சேரும். கட்டிக்குக் கிடைக்க வேண்டிய கதிர்வீச்சை எலும்பு மஜ்ஜை வாங்கும்.

இப்படிப்பட்ட மருந்தில் நான்கு உறுப்புகள் உண்டு. கட்டியை அடையாளம் காணும் பெப்டைடு அல்லது எதிர்ப்புரதம், அதை ஒட்டிய இணைப்புச் சங்கிலி, சங்கிலியின் நுனியில் கீலேட்டர், அதற்குள் உலோகம். இந்தக் கட்டுரை மூன்றாவது உறுப்பைப் பற்றியது. கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஓரளவு கை பழகியவர்களையும், கதிரியக்கப் பொருளைக் கையாள உரிமமும் பயிற்சியும் பெற்ற கூடம் அருகில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாக லுட்டீசியம்-177ஐயே பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம். காலியம்-68உம் ஆக்டினியம்-225உம் ஒப்பிட வரும்.

உலோகத்திலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் அழகான ஒரு ஈனியை வரைந்துவிட்டு அதற்கு உலோகம் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். தாளின் மேல் முதலில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: அயனியின் மின்சுமை, அதன் ஆரம், அது விரும்பும் அணைவு எண் (எத்தனை முனைகளோடு பிணையும் என்பது), ஐசோடோப்பின் அரை வாழ்வுக் காலம்.

காலியம் மூன்று நேர்மின்சுமை கொண்ட சிறிய அயனி. ஆரம் 0.62 ஆங்ஸ்ட்ராம். ஆறு முனைகள் போதும், அதற்கு மேல் சுற்றி இடமில்லை. காலியம்-68இன் அரை வாழ்வு 68 நிமிடம். லுட்டீசியத்துக்கும் அதே மின்சுமைதான், ஆனால் ஆரம் 0.86 ஆங்ஸ்ட்ராம், எட்டு அல்லது ஒன்பது முனைகளை எதிர்பார்க்கும். அரை வாழ்வு 6.65 நாள். ஆக்டினியம் மூன்றிலும் பெரியது, 1.12 ஆங்ஸ்ட்ராம்; பத்து முனைகளைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும்; அரை வாழ்வு 9.9 நாள். மூன்றுமே வன் அமிலங்கள், ஆகவே ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தேடும். கந்தகத்தை இவற்றுக்குக் காட்டிப் பயனில்லை. தாமிரம்-64 வேறு குணம் உடையது: நைட்ரஜனை மிக விரும்பும், இரட்டை நேர்மின்சுமையிலிருந்து ஒற்றைக்கு ஒடுங்கக்கூடியது, அப்படி ஒடுங்கும்போது பிடியைவிட்டு நழுவும்.

அரை வாழ்வு இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்கும். ஒன்று, எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பது. இன்னொன்று, உலோகத்தை ஏற்றுவதற்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. காலியம்-68இல் ஏற்றம் அரை மணி நேரம் இழுத்தால் கதிரியக்கத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே அதற்கு 10 நிமிடத்தில் ஏறும் கூடு, அதாவது கீலேட்டர், வேண்டும். எதிர்ப்புரதம் கட்டியில் சேர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்கு 68 நிமிட ஐசோடோப்பு ஒத்துவராது. 78 மணி நேர அரை வாழ்வுள்ள ஜிர்கோனியம்-89 போன்றது பொருந்தும்.

கூட்டைத் தேர்வு செய்தல்

வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நன்கு ஆராயப்பட்ட கூடுகளில் ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு மாற்றம் செய்து, விளைவை அளப்பதே முதல் திட்டத்துக்கு ஏற்றது.

டோட்டா: பன்னிரண்டு அணுக்கள் கொண்ட வளையம், நான்கு நைட்ரஜன், நான்கு அசிட்டிக் அமிலக் கைகள், ஆக எட்டு முனைகள். 1976இல் ஹெர்மன் ஸ்டெட்டரும் டபிள்யூ. ஃபிராங்கும் முதலில் தொகுத்தார்கள். லுட்டீசியம், இட்ரியம் இரண்டுக்கும் இன்றும் அளவுகோல் இதுதான். நோட்டா: ஒன்பது அணு வளையம், மூன்று நைட்ரஜன், மூன்று கைகள். காலியத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும், அறை வெப்பநிலையிலேயே ஏற்றிக்கொள்ளும். ஆனால் லுட்டீசியத்துக்கு உதவாது. எச்பெட்-சிசி வளையமில்லாதது, ஃபீனால் ஆக்சிஜன்களைக் கொண்டது. காலியத்தை மிக இறுக்கமாகப் பற்றும். மேக்ரோபா: பதினெட்டு அணு வளையமும் இரண்டு பிக்கோலினேட் கைகளும் சேர்ந்து பத்து முனைகள், ஆக்டினியத்தை அறை வெப்பநிலையில் சில நிமிடங்களில் வாங்கிக்கொள்ளும். அதே வேலைக்கு டோட்டாவைச் சூடாக்க வேண்டும். டெஸ்ஃபெரியாக்சமின் ஜிர்கோனியத்துக்குப் பழக்கமானது, ஆனால் எட்டு முனை கேட்கும் அயனிக்கு ஆறுதான் தருகிறது. விலங்குகளில் எலும்பில் ஜிர்கோனியம் சேர்வதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

டோட்டாவுக்கு ஏன் 95 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதை இங்கேயே புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வடிவமைப்பின் பாதி இதில் இருக்கிறது. அமிலச் சூழலில் வளையத்தின் நைட்ரஜன்களில் இரண்டு புரோட்டானைச் சுமந்துகொண்டிருக்கும். உலோகம் முதலில் கார்பாக்சிலேட் கைகளில் மட்டும் தொற்றிக்கொண்டு கூட்டின் வாசலில் நிற்கும். அந்தப் புரோட்டான்கள் வெளியேறினால்தான் உள்ளே இறங்க முடியும். அந்தப் படி மெதுவானது, அதற்குத்தான் சூடு. உள்ளே போவது கடினம் என்பதாலேயே வெளியே வருவதும் கடினம். திறந்த சங்கிலி கொண்ட டிடிபிஏ நொடிகளில் ஏற்றிக்கொள்ளும், அதே சுலபத்தோடு விட்டும்விடும். வேகமாக வாங்கவும் வேண்டும், மெதுவாக விடவும் வேண்டும் என்ற இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான் இந்தத் துறையின் மையமான வேலை. டிடிபிஏவின் முதுகெலும்பில் ஒரு சைக்ளோஹெக்சேன் வளையத்தைக் கோத்து விறைப்பாக்கியது ஒரு விடை. மேக்ரோபாவின் அகன்ற வாய் இன்னொரு விடை. எதிர்ப்புரதத்தை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் வெந்துவிடும் என்பதால் இப்படிப்பட்ட விடைகள் அவசியம்.

நிலைப்புத்தன்மை மாறிலி என்ற பொறி

புதியவர் முதலில் தேடும் எண் லாக் கே, அதாவது உலோகமும் ஈனியும் சேர்ந்த அணைவு எவ்வளவு நிலையானது என்று சொல்லும் மாறிலியின் மடக்கை. அதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறு நேரும். இண்டியத்துக்கு டிடிபிஏவின் லாக் கே ஏறத்தாழ 29, டோட்டாவுக்கு 24. எண்ணைப் பார்த்தால் டிடிபிஏ ஒரு லட்சம் மடங்கு மேல். ஆனால் போட்டி அயனிகளும் அமிலமும் சூழ்ந்த இடத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பது டோட்டா. காடோலினியத்தில் இந்த வேறுபாடு இன்னும் கண்கூடு: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் டிடிபிஏ அணைவு நிமிடக் கணக்கில் உடையும், டோட்டா அணைவு வாரக் கணக்கில் நிற்கும்.

காரணம் எளிது. லாக் கே என்பது சமநிலையின் எண். உடலில் சமநிலை வருவதற்கு நேரமில்லை. மருந்து இரத்தத்தில் நானோமோலார் அளவுக்கு நீர்த்துப் போகிறது, அதைச் சுற்றி, இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் 30 மைக்ரோமோலார் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருமுறை கைவிட்ட உலோகம் திரும்பி வராது. ஆகவே விடுபடும் வேகத்தை அளக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

லாக் கேயை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பிஎம் மதிப்பாக மாற்றி ஒப்பிடுங்கள்: பிஎச் 7.4இல், உலோகம் 1 மைக்ரோமோலார், ஈனி 10 மைக்ரோமோலார் இருக்கும்போது கட்டுண்டு போகாமல் மிஞ்சும் உலோகச் செறிவின் எதிர் மடக்கை அது. ஈனியின் காரத்தன்மை எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுப்பதால் வேறுவேறு ஈனிகளை நேர்மையாக அருகருகே வைக்க முடியும்.

சங்கிலியை எங்கே ஒட்டுவது

இது சிறிய கேள்வியாகத் தோன்றும், பல திட்டங்கள் கெடுவது இங்கேதான். டோட்டாவின் நான்கு கைகளில் ஒன்றை அமைடாக்கிப் பெப்டைடோடு இணைப்பது எளிய வழி, லுட்டாத்தெராவிலும் அப்படியே. லுட்டீசியத்துக்கு இது தாங்கும்: அமைடின் ஆக்சிஜனும் முனையாக நிற்கும், மீதி மூன்று கார்பாக்சிலேட்டும் மூன்று நேர்மின்சுமையை ஈடுகட்டி அணைவு மொத்தத்தில் மின்சுமையற்றதாகும். நோட்டாவில் அதே தந்திரத்தைச் செய்தால் இருக்கும் மூன்று கைகளில் ஒன்று பலவீனமாகும். அதனால் நோடகா என்ற வடிவில் ஒரு கையைக் குளூட்டாரிக் அமிலமாக நீட்டி, நீட்டிய நுனியில் சங்கிலியை ஒட்டுகிறார்கள். மூன்று கைகளும் உலோகத்துக்கே மிஞ்சும். வளையத்தின் கார்பன் முதுகில் பென்சைல் வழியாக ஒட்டுவது மூன்றாவது வழி. தொகுப்பது கடினம், ஆனால் எல்லா முனைகளும் தப்பும், வளையமும் விறைப்பாகும்.

கீலேட்டரை மாற்றினால் உலோகப் பிடி மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். புராஸ்டேட் புற்றுக்கான பிஎஸ்எம்ஏ-11இல் இருப்பது எச்பெட்-சிசி. அதன் நீர்வெறுக்கும் வளையங்கள் புற்றணுவில் உள்ள பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தின் பையோடு பிணைவதிலும் கைகொடுக்கின்றன. சிகிச்சைக்காக லுட்டீசியத்தை ஏற்ற வேண்டி வந்தபோது டோட்டாவுக்கு மாற வேண்டியிருந்தது, அந்தக் கூடுதல் பிடிப்பு போய்விட்டது. ஹைடல்பர்கில் உருவான பிஎஸ்எம்ஏ-617இல் நாஃப்தைல் அலனினும் ஒரு சைக்ளோஹெக்சேன் துண்டும் சங்கிலிக்குள் புகுந்தது அந்த இழப்பை ஈடுகட்டத்தான். அதுவே 2022 மார்ச்சில் அமெரிக்காவில் புளூவிக்டோ என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது.

தொகுப்பு

முதல் திட்டமாக இருந்தால் மூன்று கைகளிலும் டெர்ட்-பியூட்டைல் காப்பு போட்ட டோட்டாவை விலைக்கு வாங்கிவிடுங்கள். நான்காவது கையின் இடத்தில் புதிதாக ஏதாவது வைக்கப் போகிறீர்கள் என்றால்தான் மூன்று கைகள் மட்டும் கொண்ட டோ3ஏ தேவைப்படும். அதைச் செய்வது கடினமல்ல.

சைக்ளென் (கைகள் இல்லாத டோட்டா வளையம்) 5 கிராம் (29 மில்லிமோல்), சோடியம் அசிட்டேட் 7.9 கிராம் (96 மில்லிமோல்) இரண்டையும் 60 மில்லி டைமெத்தில்அசிட்டமைடில் எடுத்து, மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்வியுங்கள். டெர்ட்-பியூட்டைல் புரோமோஅசிட்டேட் 18.7 கிராமை 20 மில்லி அதே கரைப்பானில் கரைத்து, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். புரோமோஅசிட்டேட் கண்ணை எரிக்கும் பொருள், புகைக்கூண்டைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. பிறகு அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் கலக்குங்கள். 300 மில்லி நீரில் ஊற்றி, திடப் பொட்டாசியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மும்மை எஸ்டர் ஹைட்ரோபுரோமைடு உப்பாக வெண்மையாக வீழ்படியும். வடிகட்டி, குளோரோஃபார்மில் கரைத்து, நீரால் கழுவி, உலர்த்தி, செறிவாக்கி, ஈதர் சேர்த்தால் தூளாக வரும். நிறை நிறமாலையில் 515 தெரிய வேண்டும். 629 தெரிந்தால் நான்கு கைகளும் ஏறிவிட்டன. குளிர்விப்பு போதவில்லை அல்லது சொட்டுவிட்ட வேகம் அதிகம். 401 இரண்டு கையோடு நின்றது. மும்மை மட்டும் உப்பாக விழுவதால்தான் இந்த முறையில் நிரல் பிரிப்பே தேவைப்படுவதில்லை.

பெப்டைடு ரெசினில் இணைத்த பிறகு காப்பை நீக்க 95 சதவீத டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம் வழக்கம். ஆனால் பெப்டைடுக்குப் பழகிய இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து நைட்ரஜன்கள் புரோட்டான் ஏற்று நேர்மின்சுமையோடு நிற்பதால் டோட்டாவின் எஸ்டர்கள் மெதுவாகவே உடையும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு துளி எடுத்து நிறை பாருங்கள். எதிர்பார்த்த நிறையோடு 56 கூடியிருந்தால் ஒரு டெர்ட்-பியூட்டைல் மிச்சம் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 53 கூடியிருந்தால் அது இரும்பு. 56உம் 53உம் அருகருகே இருப்பதால் இரும்பை மிச்சக் காப்பு என்று நினைத்து, இன்னும் சில மணி நேரம் அமிலத்தில் ஊறவைத்து, ஒன்றும் மாறாமல் திகைப்பார்கள். 62 கூடினால் துத்தநாகம், 61 தாமிரம், 24 அலுமினியம். நிறைமானியின் வலப்பக்கத்துச் சிறு சிகரங்களை அலட்சியம் செய்யாமல் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அழுக்கு உலோகம்: பெரும்பாலான தோல்விகளின் ஊற்று

எவ்வளவு சொன்னாலும் புதியவர் நம்ப மறுக்கும் பகுதி இது. ஆகவே கணக்காகவே காட்டிவிடுவோம். 1 கிகாபெக்கரல் காலியம்-68இல் இருப்பது 10 பிக்கோமோல்கூட நிரம்பாத அணுக்கள். ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் இரும்பு மட்டுமே உள்ள நீர் மிகச் சுத்தமானது என்று எண்ணுவோம். அந்த நீரில் 1 மில்லி எடுத்தால் அதில் 18 பிக்கோமோல் இரும்பு. காலியத்தைப் போல இரு மடங்கு! அதுவும் இரும்பின் மும்மை அயனி காலியத்தின் இரட்டைப் பிள்ளை போல: அதே மின்சுமை, ஏறக்குறைய அதே ஆரம். உங்கள் கூட்டில் இடம் கேட்டு வரிசையில் முன்னால் நிற்பது அதுதான்.

ஆகவே இந்த வேலைக்கென்று ஓர் இடத்தையும் தனிப் பொருள்களையும் ஒதுக்குங்கள். உலோகக் கரண்டி கூடாது, பிளாஸ்டிக் கரண்டி மட்டும். உலோக ஊசிக்குப் பதிலாக மென்குழாய். கண்ணாடிக் குடுவையிலிருந்து அலுமினியமும், ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகமும் கசியும். பாலிபுரோப்பிலீன் குப்பிகளை நீர்த்த அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, மிகத் தூய நீரில் அலசிப் பயன்படுத்துங்கள். அமிலத்தை மீநுண் உலோகத் தூய்மை உடைய தரத்தில் வாங்குங்கள். சிறு புட்டி போதும், விலைக்கு மதிப்புண்டு. தாங்கல் கரைசல்களை, உலோகத்தைப் பற்றி எடுக்கும் செலெக்ஸ்-100 ரெசினோடு கலக்கி வடிகட்டுங்கள். செலெக்ஸ் சோடிய வடிவில் இருப்பதால் பிஎச்சை உயர்த்திவிடும், பிறகு மீண்டும் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும்போது பிஎச் மின்முனையைப் புட்டிக்குள் முக்கினால் செய்ததெல்லாம் வீண். சிறிது தனியே ஊற்றி அளந்து, அதைக் கொட்டிவிடுங்கள்.

காலியம்-68ஐக் கறந்து எடுக்கும் ஜெர்மானியம்-68 ஜெனரேட்டர் தன்னுள்ளேயே அழுக்கைத் தயாரிக்கிறது. காலியம்-68 சிதைந்து துத்தநாகம்-68 ஆகும். 1.85 கிகாபெக்கரல் ஜெனரேட்டரை ஒரு நாள் கறக்காமல் விட்டால் 265 பிக்கோமோல் துத்தநாகம் சேரும். கறக்கும்போது கிடைக்கும் காலியமோ 18 பிக்கோமோல். திங்கட்கிழமைக் காலை ஏற்றம் மட்டும் ஏன் சொதப்புகிறது என்ற கேள்விக்கு விடை இதுவாக இருக்கலாம். வேலைக்குச் சில மணி நேரம் முன்பு ஒருமுறை கறந்து வீணாக்கிவிட்டு, பிறகு உண்மையான கறவையை எடுங்கள்.

லுட்டீசியத்திலும் வகை உண்டு. இட்டர்பியம் வழியாகச் செய்ததில் லுட்டீசியம்-177 மட்டுமே பெரும்பாலும் இருக்கும். மும்பை ட்ராம்பேயின் துருவா அணு உலையில் செய்வதுபோல லுட்டீசியம்-176ஐ நேரடியாக நியூட்ரானில் காட்டிச் செய்தால், கதிரியக்கமற்ற லுட்டீசியமும் கூடவே வரும். ஒரே கதிரியக்கத்துக்கு அணுக்கள் பல மடங்கு. எந்த வகை என்று தெரியாமல் ஈனியின் அளவைத் தீர்மானிக்க முடியாது. சான்றிதழில் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை கிகாபெக்கரல் என்ற வரியைப் பாருங்கள்.

கதிரியக்கமில்லாமல் ஒத்திகை

இயற்கை லுட்டீசியம் குளோரைடைக் கொண்டு முதலில் எல்லாவற்றையும் செய்து பாருங்கள். ஈனி 1 மில்லிமோலார், லுட்டீசியம் ஒன்றரை மடங்கு, 0.1 மோலார் அம்மோனியம் அசிட்டேட், பிஎச் 5.5, 95 டிகிரி, 30 நிமிடம். நிறை 172 கூட வேண்டும். காலியமானால் 66 கூடும், அதன் இரு ஐசோடோப்புகளால் சிகரம் 60க்கு 40 என்ற விகிதத்தில் இரட்டையாகத் தெரியும். இந்த அணைவைச் சேமித்து வையுங்கள். எச்பிஎல்சி என்ற நீர்ம நிறப்பிரிகைக் கருவியில் கதிரியக்கச் சிகரம் எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்பதை நாளை இதுதான் காட்டும். ஆக்டினியத்துக்குக் கதிரியக்கமற்ற ஐசோடோப்பே கிடையாது. லாந்தனத்தை மாற்றாளாக வைத்துப் பழகலாம், ஆனால் அது சற்றுச் சிறியது என்பதால் லாந்தனத்தில் கிடைத்த முடிவு ஆக்டினியத்துக்கு உத்தரவாதமாகாது.

ஈனியின் செறிவை எடையை நம்பிக் கணக்கிடாதீர்கள். உறைய உலர்த்திய தூளில் டிரைஃபுளூரோஅசிட்டேட்டும் நீரும் கணிசமாக ஒட்டியிருக்கும். டிரிப்டோஃபேன் போன்ற ஒளி உறிஞ்சும் துண்டு இருந்தால் புறஊதா உறிஞ்சுதலால் அளக்கலாம். இல்லாவிட்டால் ஆர்செனாசோ-3 சாயத்தோடு தாமிரம் அல்லது காரீயத்தைச் சேர்த்து, ஈனி சாயத்திடமிருந்து உலோகத்தை எவ்வளவு பறிக்கிறது என்று நிறமாற்றத்தால் அளக்கலாம். இரண்டாவது முறைக்கு ஒரு கூடுதல் நன்மை: ஏற்கெனவே இரும்பு ஏறிப்போன மூலக்கூறுகளைக் கணக்கில் சேர்க்காது.

ஏற்றச் சோதனை

ஈனியை 1 மில்லிமோலார், 100, 10, 1 மைக்ரோமோலார் என்று நான்கு படியாக நீர்க்கச் செய்யுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஈனி 10 மைக்ரோலிட்டர், 0.4 மோலார் சோடியம் அசிட்டேட் தாங்கல் 80 மைக்ரோலிட்டர், 0.04 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள லுட்டீசியம்-177 கரைசல் 10 மைக்ரோலிட்டர், அதாவது 1 மெகாபெக்கரல். ஆக இறுதிச் செறிவு 100, 10, 1, 0.1 மைக்ரோமோலார். கடைசிக் குப்பியில் ஈனி 10 பிக்கோமோல், உலோகம் ஏறக்குறைய 1.4 பிக்கோமோல், விகிதம் ஏழுக்கு ஒன்று. நல்ல கூடும் சுத்தமான கையும் சேர்ந்தால் அங்கேயும் ஏற்றம் முழுமை அடையும். ஈனியே இல்லாத ஒரு குப்பியும், ஒப்பீட்டுக்கு டோட்டா ஒரு வரிசையும் கட்டாயம். இந்த இரண்டும் இல்லாத தரவுக்குப் பொருளில்லை.

வெப்பநிலை 25, 40, 95, பிஎச் 4.5, 5.5, 7, நேரம் 5, 15, 30, 60 நிமிடம். எல்லாச் சேர்க்கையையும் ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். முதலில் 10 மைக்ரோமோலாரில் பிஎச்சையும் வெப்பநிலையையும் தீர்மானித்துவிட்டு, பிறகு செறிவைக் குறைத்துக்கொண்டே போங்கள். பாஸ்பேட் தாங்கல் வேண்டாம், லுட்டீசியம் பாஸ்பேட் கரையாது. சிட்ரேட் தாங்கலும் வேண்டாம், அதுவே ஒரு கீலேட்டர். காலியத்துக்குப் பிஎச் 3.5 முதல் 4 வரை வைத்திருங்கள். அதற்கு மேலே போகப் போகக் காலியம் ஹைட்ராக்சைடாகத் திரளத் தொடங்கும்.

முடிவைப் படிக்க ஐடிஎல்சி என்ற மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தாளில் 1 மைக்ரோலிட்டர் வைத்து, 0.1 மோலார் சோடியம் சிட்ரேட், பிஎச் 5இல் ஓட்டுங்கள். ஏறாத லுட்டீசியம் சிட்ரேட்டோடு சேர்ந்து மேல் முனைக்கு ஓடும். பெப்டைடில் ஏறியது அடியில் நிற்கும். இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது: ஹைட்ராக்சைடுத் திரளும் அடியில்தான் நிற்கும். திரண்டு கெட்டுப்போன கலவை 99 சதவீத ஏற்றம் போலத் தோன்றும். ஆகவே அதே மாதிரியை அம்மோனியம் அசிட்டேட்டும் மெத்தனாலும் சரிபாதி கலந்த கரைப்பானில் இன்னொரு தாளில் ஓட்டுங்கள். அதில் பெப்டைடு மேலே போகும், திரள் அடியிலேயே கிடக்கும். இரண்டு தாள்களும் சேர்ந்து சொன்னால்தான் சேதி உண்மை. பெப்டைடு இல்லாத வெறும் கீலேட்டரைச் சோதிக்கும்போது அணைவும் சிட்ரேட்டோடு ஓடிவிடக்கூடும்; ஈனியில்லாத குப்பியின் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலொழிய வேறுபாடு தெரியாது.

அளவைப் பெரிதாக்கி கிகாபெக்கரலுக்குப் போகும்போது புதிதாக ஒரு பகை வரும். கதிர்வீச்சு நீரை உடைத்துத் தனியுறுப்புகளை உருவாக்கும். அவை பெப்டைடைக் கடிக்கும். மெத்தியோனின் இருந்தால் நிறை 16 கூடும், டிரிப்டோஃபேனும் தப்பாது. அந்தத் தனியுறுப்புகளை அடக்கும் ஜென்டிசிக் அமிலமும் அஸ்கார்பிக் அமிலமும் ஏற்றத்தின்போதே கலவையில் இருக்க வேண்டும். முடிந்த பிறகு சேர்ப்பதற்குள் சேதம் நடந்திருக்கும்.

ஆக்டினியத்துக்குத் தனி எச்சரிக்கை

ஆக்டினியம்-225ஐ நேரடியாக எண்ணுவது கடினம். அதன் வாரிசுகளான ஃபிரான்சியம்-221இன் 218 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமாவையும், பிஸ்மத்-213இன் 440ஐயும்தான் எண்ணுகிறோம். தாளை ஓட்டியவுடன் எண்ணினால், தனியே திரியும் பழைய பிஸ்மத்தை எண்ணிவிடுவீர்கள். அரை வாழ்வு 46 நிமிடம் கொண்ட அது ஒதுங்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். தாளை வைத்துவிட்டு மறுநாள் காலையில் எண்ணுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். ஆல்ஃபா துகள் வெளியேறும்போது பின்னுதைப்பாக வாரிசு அணு பெறும் ஆற்றல் ஏறத்தாழ 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். வேதிப் பிணைப்பின் வலிமை சில எலெக்ட்ரான்வோல்ட்தான். எந்தக் கீலேட்டரும் வாரிசைப் பிடித்து வைக்காது. பிஸ்மத் சிறுநீரகத்துக்குப் போவதைக் கண்டு உங்கள் கூடு பழுது என்று முடிவு கட்டாதீர்கள். தாய் ஆக்டினியம் கல்லீரலிலும் எலும்பிலும் சேர்கிறதா என்பதே உங்கள் கூட்டுக்கான கேள்வி.

விடாமல் பிடிக்கிறதா

ஏற்றம் வென்ற ஈனியை இப்போது வதைக்க வேண்டும். ஆயிரம் மடங்கு டிடிபிஏ சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். மனித சீரத்தில் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு மருந்து சேர்த்து, கரியமில வாயு 5 சதவீதம் உள்ள அடைகாப்புப் பெட்டியில் வையுங்கள். வெறும் சூட்டுக் கட்டையில் வைத்தால் சீரத்தின் பிஎச் மெல்ல ஏறி முடிவைக் கெடுக்கும். காலியத்துக்கு 2 மணி நேரம் போதும். லுட்டீசியத்துக்கு 1, 3, 7 நாள். எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் தூளோடு கலக்கி எவ்வளவு கதிரியக்கம் தூளில் ஒட்டுகிறது என்று பார்ப்பது எலும்புக்கு ஒரு மலிவான முன்னோட்டம்.

சீரத்தை அசிட்டோநைட்ரைலால் வீழ்படியச் செய்து மேல்நீரை மட்டும் எண்ணும் பழக்கம் பரவலாக உள்ளது. புரதத்தோடு தளர்வாக ஒட்டிய முழு மருந்தும் அந்த வீழ்படிவோடு போய்விடும், உலோகம் கழன்றது போலத் தோன்றும். வீழ்படிவில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அளவுப் பிரிப்பு நிரலில் ஓட்டி, டிரான்ஸ்ஃபெரினின் இடத்தில் சிகரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எலிகளுக்குப் போகும்போது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் நான்கைந்து எலிகள் வையுங்கள். வெறும் லுட்டீசியம் குளோரைடு மட்டும் செலுத்திய ஒரு குழுவும், டோட்டா மருந்து செலுத்திய ஒரு குழுவும் கூடவே இருக்கட்டும். கழன்ற உலோகம் எங்கே போகிறது என்பதை ஒவ்வோர் உலோகமும் தன் போக்கில் சொல்லும்: காலியமானால் இரத்தத்திலேயே டிரான்ஸ்ஃபெரினோடு தங்கும், தாமிரம் கல்லீரலில், லுட்டீசியமும் இட்ரியமும் ஜிர்கோனியமும் எலும்பில். லுட்டீசியம் கூட்டின் தரத்தைச் சொல்லும் உறுப்பு தொடை எலும்பு. 24 மணி நேரத்திலும் 7 நாளிலும் அதன் அளவைப் பாருங்கள். நாள் ஆக ஆக ஏறுமுகமாக இருந்தால் கசிவு தொடர்கிறது. எலும்பை எடுக்கும்போது ஒட்டிய தசையையும் முழங்கால் நாண்களையும் முழுக்க வழித்துவிட்டு, ஈர எடை போட்டு, உடனே எண்ணுக் குழாயில் போட்டு மூடுங்கள். 20, 30 மில்லிகிராம் எலும்பில் ஒரு துணுக்குத் தசை மிஞ்சினாலும், உலர்ந்து எடை குறைந்தாலும், இரண்டு கூடுகளுக்கு இடையிலான வேறுபாடு அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும்.